மாப்பிள்ளை எஞ்சின்

பைக் என்றால் "மைலேஜ் என்ன?" ரேஸ் கார் என்றால் "எத்தனை ஹெச்.பி.?" நம் ஊரில் வண்டியைப் பற்றிக் கேட்க இந்த இரண்டு கேள்விகள்தான். ஃபார்முலா ஒன் பந்தயத்தை ஞாயிறு தவறாமல் டி.வி.யில் பார்க்கிற இளைஞர்கள்கூட, கார் ஜெயித்தால் எஞ்சினுக்கு மாலை போடுகிறார்கள், தோற்றால் டிரைவரைத் திட்டுகிறார்கள். என் கேள்வி வேறு. "எஞ்சினை எங்கே, எப்படி உட்கார வைத்திருக்கிறார்கள்?"

இது என்ன பெரிய கேள்வி, டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒரு இடம் இருக்கிறது, அங்கே வைத்து நாலு போல்ட்டை முடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். அந்த ஒரு இடத்துக்குத்தான் ஐம்பது வருஷமாக அடிதடி. ஓர் உலக சாம்பியன் அடுத்த வருஷமே பந்தயத்தில் கலந்துகொள்ளக்கூடத் தகுதி பெறாமல் பெட்டியைக் கட்டியது இதனால்தான். ஜப்பானின் மாபெரும் கம்பெனி ஒன்று, தன் சொந்த மைதானத்திலேயே தன் காரை ஓட்டுகிறவரிடம் பேச்சு வாங்கியதும் இதனால்தான். விவரமாகச் சொல்கிறேன்.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிற காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின்தான் மாப்பிள்ளை. தனியாக வராது. எண்ணெய் டாங்க், பெட்ரோல் டாங்க், கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாய்கள், ரேடியேட்டர்கள் என்று ஒரு பஸ் நிறைய சொந்தக்காரர்கள் கூடவே வருவார்கள். எல்லோருக்கும் ரூம் வேண்டும், ரூமில் காற்று வரவேண்டும். பெண்ணைப் பெற்றவர் ஸ்தானத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர் ஏரோடைனமிக்ஸ் நிபுணர். காரின் உருவத்தைக் காற்றுக்குத் தோதாகச் செதுக்குவது அவர் வேலை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கார் ஒல்லியாக இருக்க வேண்டும்.

சண்டை இங்கேதான் ஆரம்பம். ரேடியேட்டரைப் பெரிசாக வைத்தால் எஞ்சின் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் அதற்குக் காற்று போக, கார் வாயைப் பெரிசாகத் திறக்க வேண்டும். திறந்த வாய் நேர்ரோட்டில் காரைப் பின்னுக்கு இழுக்கும். சின்னதாக வைத்தால் கார் பறக்கும், கொஞ்ச நேரத்தில் புகையும் பறக்கும்.

இன்னொரு சமாசாரம். ரேஸை முக்கால்வாசி ஜெயிப்பது நேர்ரோட்டில் அல்ல, வளைவில். வளைவில் டயர் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் காரை யாராவது மேலிருந்து அமுக்க வேண்டும். மூட்டை ஏற்றி அமுக்கினால் வண்டி மந்தமாகிவிடும். அதனால் காற்றை விட்டே அமுக்கச் சொல்கிறார்கள். எடை இல்லாத சுமை. டவுன்ஃபோர்ஸ் என்று பெயர். காருக்குக் காற்று எதிரி மட்டுமில்லை, சம்பளம் வாங்காத வேலைக்காரனும்தான். அவனுக்கு வழிவிட வேண்டும், அவ்வளவுதான். வழியில் மாப்பிள்ளை காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தால்?

இது உவமை இல்லை, நிஜமாகவே நடந்தது.

* * *

1970-களில் ஃபெராரி கம்பெனியின் பெருமை அதன் 'படுத்த' எஞ்சின். மௌரோ ஃபோர்கியேரி என்கிற எஞ்சினீயர் வடிவமைத்தது. மொத்தம் 12 சிலிண்டர். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கனமெல்லாம் கீழேயே இருப்பதால் வளைவில் கார் சாயாது, ஆடாது. பலமும் அபாரம். 1975-லும் 1977-லும் நிக்கி லவுடா இதை வைத்து உலக சாம்பியன் ஆனார். ஏரோடைனமிக்ஸ் எல்லாம் எஞ்சின் செய்யத் தெரியாதவர்களின் வேலை என்று முதலாளி என்ஸோ ஃபெராரி சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்த எஞ்சினின் சத்தத்தைக் கேட்டவர்கள் மறுத்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

அதே சமயம் இங்கிலாந்தில் லோட்டஸ் குழுவின் காலின் சாப்மனிடம் சொந்த எஞ்சின் கிடையாது. ஃபோர்டு பணத்தில் காஸ்வொர்த் செய்த வி-8 எஞ்சினை அவரும் வாங்கினார், பக்கத்துக் கொட்டகைக்காரரும் வாங்கினார். எல்லோரிடமும் ஒரே எஞ்சின் இருந்தால் எதில் முந்துவது? சாப்மன் காற்றிடம் போனார்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் பீட்டர் ரைட் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சின்ன மாடலை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அளவுகள் தாறுமாறாக வந்தன. பார்த்தால், காற்று வேகம் ஏற ஏற, மாடலின் பக்கவாட்டுப் பெட்டிகள் தொய்ந்து தரையை நெருங்கிக்கொண்டிருந்தன. ஏதோ அவற்றைக் கீழே இழுக்கிறது! பெட்டியின் ஓரங்களை அட்டை வைத்து அடைத்துப் பார்த்தார்கள். காரைக் கீழே இழுக்கிற விசை எகிறியது.

ரகசியம் இதுதான். காரின் அடிவயிற்றைத் தலைகீழான விமான இறக்கை மாதிரி வளைத்துவிட்டால், தரைக்கும் காருக்கும் நடுவே உள்ள சந்தில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கும். வேகமெடுத்த காற்றில் அழுத்தம் குறையும். தரை காரை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்கூட்டரில் போகும்போது ஒரு பஸ் உரசினாற்போல் கடந்தால் ஒரு கணம் அதன் பக்கமாக இழுக்கப்படுகிறோமே, ஏறக்குறைய அந்த விளையாட்டு. கீழ்நோக்கி, தொடர்ச்சியாக.

இந்தச் சுரங்கப்பாதைகள் டிரைவருக்கு இரண்டு பக்கமும் ஓடிப் பின்சக்கரங்களுக்கு நடுவே மேலேறி வெளியே வர வேண்டும். காஸ்வொர்த் எஞ்சின் 'வி' எழுத்து மாதிரி, அடியில் ஒடுக்கம், மேலே அகலம். அடியில் இரண்டு பக்கமும் காற்றுக்குத் தாராளமாக இடம். 1978-ல் லோட்டஸ் 79 காரில் மாரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன். ஊரே வைத்திருந்த சாதாரண எஞ்சின்தான். உட்கார்ந்த விதம் சரியாக இருந்தது.

இப்போது படுத்த எஞ்சினைப் பாருங்கள். சுரங்கம் எங்கே போக வேண்டுமோ, மிகச் சரியாக அங்கே ஆறாறு சிலிண்டர்களை நீட்டிக்கொண்டு அகலமாகக் கிடக்கிறது. பெருமைக்குரிய குணமே பிசகாகிவிட்டது.

இந்தப் பிரச்னை ஃபெராரிக்கு மட்டுமில்லை. பெர்னி எக்கல்ஸ்டனின் பிராபம் குழுவிலும் ஆல்ஃபா ரோமியோ செய்த படுத்த 12 சிலிண்டர்தான். சுரங்கத்துக்கு வழியில்லை. அங்கே டிஸைனர் கார்டன் மர்ரி. அவர் தலையைச் சொறிந்து ஒரு காரியம் செய்தார். காரின் பின்னால் ஒரு ராட்சச மின்விசிறி மாதிரி ஒன்றை மாட்டினார். சுற்றுவது எஞ்சின் பலத்தில். அடியில் இருக்கும் காற்றை உறிஞ்சிப் பின்னால் தள்ளும். கேட்டால், "ரேடியேட்டரைக் குளிர வைக்கத்தான் ஸார்!" நகரும் காற்றியல் கருவி கூடாது என்பது விதி. குளிர வைக்கிற விசிறிக்குத் தடையில்லை. நின்றுகொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் கார் குறுகிக் கீழே உட்காருமாம். குளிரில் இல்லை, உறிஞ்சலில்.

1978 ஜூனில் ஸ்வீடன் பந்தயம். ஃபெராரியை விட்டு பிராபமுக்கு வந்திருந்த லவுடா அரை நிமிஷத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். பின்னால் வருபவர்கள் மேல் கல்லையும் மண்ணையும் வாரி இறைக்கிறது என்று புகார்கள். மற்ற குழுக்கள் கொதித்தன. ஒரே ஒரு பந்தயம், ஒரே ஒரு வெற்றி. எக்கல்ஸ்டன் காரை வாபஸ் வாங்கிவிட்டார். ஆல்ஃபா ரோமியோவும் மறு வருஷத்துக்குள் படுத்த எஞ்சினை எழுப்பி 'வி' வடிவத்தில் உட்கார வைத்தது.

ஃபெராரி எழுப்பவில்லை. 1979-ல் எஞ்சின் பலத்தாலும், நடுவழியில் நிற்காத குணத்தாலும் சமாளித்து ஜோடி ஷெக்டர் சாம்பியன் ஆகிவிட்டார். அந்த வெற்றிதான் வினை. ஜெயித்த ஃபார்முலாவை யார் மாற்றுவார்கள்? 1980-ல் எதிரிகளின் சுரங்கங்கள் தேறிவிட்டன. முதல் வருஷம் உலக சாம்பியனான ஷெக்டர் அந்த வருஷம் முழுக்கச் சேர்த்தது 2 புள்ளி. கனடாவில் தகுதிச் சுற்றிலேயே தேறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் ஓட்ட, உலக சாம்பியன் வேடிக்கை பார்த்தார். அந்த வருஷத்தோடு ஓட்டுவதையே விட்டுவிட்டார். ஃபெராரி குழு 8 புள்ளியோடு 10-வது இடம். கவனியுங்கள், எஞ்சின் அதே எஞ்சின்தான். கெட்டுப்போகவில்லை, பலம் குறையவில்லை. இடம்தான் தப்பு.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு ஆபீஸில் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட் ஊரிலேயே உசத்தியான ஸ்டீல் பீரோ ஒன்றை வாங்கியது. கனமான தகடு, ஜெர்மன் பூட்டு. ரெக்கார்டு ரூம் கதவு அதைவிட ரெண்டு அங்குலம் சின்னது. மூன்று வருஷம் அது வராந்தாவில் நின்றது. தலையில் டீ டம்ளர்கள். பீரோவின் தரத்தைப் பற்றி இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை.

* * *

1983-ல் சட்டம் போட்டு அடிவயிற்றைத் தட்டையாக்கிவிட்டார்கள். சுரங்கங்கள் மறைந்தன. இட நெருக்கடி மறையவில்லை. முப்பது வருஷம் தாண்டி 2014-க்கு வருவோம். அந்த வருஷம் விதிகள் தலைகீழாக மாறின. 1.6 லிட்டர் வி-6 எஞ்சின், டர்போ, கூடவே இரண்டு மின்மோட்டார், பாட்டரி. ஒரு பந்தயத்துக்கு 100 கிலோ பெட்ரோல், அதற்குமேல் ஒரு சொட்டு கிடையாது. மாப்பிள்ளை இளைத்துவிட்டார், ஆனால் சொந்தக்காரர்கள் பெருகிவிட்டார்கள்.

டர்போ என்பது இரண்டு சக்கரங்கள். ஒன்றை எக்ஸாஸ்ட் புகை சுழற்றும். அதோடு ஒரே தண்டில் மாட்டிய இன்னொன்று வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். வழக்கமாக இரண்டையும் ஒட்டி வைப்பார்கள். தொல்லை என்னவென்றால் புகைச் சக்கரம் தணலாகக் கொதிக்கும். காற்றுச் சக்கரத்துக்கோ குளிர்ந்த காற்றுதான் வேண்டும். அடுப்பையும் ஐஸ் பெட்டியையும் முதுகோடு முதுகாக வைத்த கதை. சூடான காற்றைக் குளிரவைக்கப் பெரிய கூலர், கூலருக்குப் பெரிய பெட்டி, பெட்டியால் காருக்குத் தொந்தி.

மெர்ஸிடிஸ் எஞ்சினீயர்கள் இரண்டையும் பிரித்தார்கள். காற்றுச் சக்கரம் எஞ்சினுக்கு முன்னால், புகைச் சக்கரம் பின்னால், நடுவே எஞ்சினின் 'வி' பள்ளத்துக்குள் ஒரு நீளத் தண்டு, அதன்மேல் ஒரு மின்மோட்டார். சூடு அந்தக் கோடியில், குளிர்ச்சி இந்தக் கோடியில். குழாய்கள் குட்டையாயின, கூலர் சின்னதானது, தொந்தி கரைந்தது. காற்று சந்தோஷமாகப் பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. ஃபெராரியும் ரெனோவும் டர்போவைப் பின்னாலேயே வைத்திருந்தார்கள். அந்த வருஷம் 19 பந்தயங்களில் 16 மெர்ஸிடிஸுக்கு.

மெர்ஸிடிஸில் எஞ்சின் செய்வது பிரிக்ஸ்வொர்த் என்ற ஊரில், கார் செய்வது பிராக்லி என்ற ஊரில். இரண்டு ஊர், இரண்டு ஃபாக்டரி. ஆனால் இந்த எஞ்சின் அந்தக் காருக்காகவே பிறந்தது. எஞ்சின்காரர்கள் தங்கள் மேஜையில் மட்டும் யோசித்திருந்தால் நீளத் தண்டு என்கிற தலைவலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். லட்சம் சுற்றுக்கு மேல் ஒரு நிமிஷத்தில் சுழல்கிற தண்டு அது. நீளமாக இருந்தால் அதிரும். அந்தத் தலைவலியை அவர்கள் வாங்கிக்கொண்டதால்தான் கார்காரர்களுக்குத் தலைவலி தீர்ந்தது.

* * *

"ஆஹா, அப்படியானால் எஞ்சினை எவ்வளவு சின்னதாக்குகிறோமோ அவ்வளவு நல்லது" என்று முடிவுகட்டுகிறீர்களா? அப்படி முடிவு கட்டியவர்கள் கதையையும் கேளுங்கள்.

2015-ல் ஹோண்டா திரும்பி வந்தது, மெக்லாரன் குழுவோடு. இந்த ஜோடி 1988-ல் 16 பந்தயத்தில் 15-ஐ ஜெயித்த ஜோடி. எதிர்பார்ப்பு எக்கச்சக்கம். மெக்லாரன் கேட்டது, "எங்களுக்கு இடுப்பே இல்லாத கார் வேண்டும்." அதற்கு 'ஸைஸ் ஜீரோ' என்று பெயரே வைத்தார்கள். ஹோண்டா தலையாட்டியது. டர்போவின் சக்கரங்களைக் குட்டியாக்கி, 'வி' பள்ளத்துக்குள்ளேயே திணித்துவிட்டார்கள்.

கார் பார்க்க அழகு. பின்பக்கம் அப்படி ஒரு ஒடுக்கம். ஆனால் குட்டிச் சக்கரத்தால் புகையிலிருந்து போதிய சக்தியைப் பிடுங்க முடியவில்லை. நேர்ரோட்டில் பாதி வழியிலேயே மின்சாரம் தீர்ந்துவிடும். நெருக்கடியில் சூடு வேறு. எஞ்சின்கள் வரிசையாகப் படுத்தன. அளவுக்கு மேல் உதிரி மாற்றினால் பந்தயம் தொடங்கும் வரிசையில் பின்னே தள்ளுவார்கள். பெல்ஜியத்தில் மெக்லாரனின் இரண்டு கார்களுக்கும் சேர்த்து 105 இடம் தண்டனை. ஓடிய கார்களே மொத்தம் 20தான். மிச்ச இடங்களுக்கு அவர்கள் பக்கத்து ஜில்லாவிலிருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும்.

அப்புறம் ஜப்பான். சுஸூகா மைதானம் ஹோண்டாவுக்கே சொந்தம். ஹோண்டாவின் பெரிய மனிதர்கள் பார்த்திருக்க, நேர்ரோட்டில் ஒவ்வொருவராகத் தன்னைத் தாண்டிப் போவதைத் தாங்க முடியாமல் ஃபெர்னாண்டோ அலான்ஸோ ரேடியோவில் கத்தினார், இது ஜிபி2 எஞ்சின் என்று. ஜிபி2 என்பது அப்போது ஒரு படி கீழே இருந்த பந்தயம். சபையில் வைத்து மாப்பிள்ளையை "இவன் பத்தாங்கிளாஸ் ஃபெயில்" என்ற மாதிரி. உலகமே கேட்டது. வருஷ முடிவில் 10 குழுவில் 9-வது இடம்.

அந்த எஞ்சினைச் செய்தவர்கள் முட்டாள்கள் அல்ல. கேட்ட அளவுக்குள் செய்து கொடுத்தவர்கள். அங்கேதான் கோளாறு. ஃபெராரியில் எஞ்சின் வைத்தது சட்டம், காற்று வாயை மூடிக்கொண்டது. இங்கே காற்று வைத்தது சட்டம், எஞ்சின் வாயை மூடிக்கொண்டது. "இதுக்குள்ள இது அடங்காது ஸார்" என்று ஆரம்பத்திலேயே சொல்லக்கூடிய ஒரு குரல், அந்த மேஜையில் எடுபடவில்லை. ஆபீஸில் டெட்லைன் கேட்டதும் "முடிச்சிடலாம் ஸார்" என்று நாம் தலையாட்டுகிறோமே, அந்தத் தலையாட்டலுக்கு இங்கே கோடிக்கணக்கில் விலை.

2017-ல் ஹோண்டா பழைய அடக்க ஒடுக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மெர்ஸிடிஸ் மாதிரி டர்போவைப் பிரித்தது. உடனே நீளத் தண்டின் தலைவலி வந்தது. வருஷக் கடைசியில் மெக்லாரன் கைகழுவியது. இந்த இடத்தில் பல கம்பெனிகள் ஊருக்கு டிக்கெட் எடுத்திருக்கும். ஹோண்டா தன் வீட்டுக்குள்ளேயே உதவி தேடியது. குட்டி ஜெட் விமானம் செய்கிற பிரிவு அவர்களிடம் இருக்கிறது. ஜெட் எஞ்சின் என்பதே சூட்டில் சுழலும் நீளத் தண்டுதானே! விமானக்காரர்கள் வந்து தண்டின் தகராறையும் டர்போவையும் சரிசெய்யக் கைகொடுத்தார்கள். 2019-ல் ரெட்புல் காரில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் ஆஸ்திரியாவில் ஜெயித்தார். திரும்பி வந்தபின் ஹோண்டாவின் முதல் வெற்றி.

2021-க்கு ஹோண்டா ஒரு புது எஞ்சின் கொண்டுவந்தது. சிலிண்டர்களை இன்னும் நெருக்கி, கேம்ஷாஃப்ட்டைத் தாழ்த்தி, முன்னைவிடக் கச்சிதமாக. ஆமாம், ஸைஸ் ஜீரோவில் ஆசைப்பட்ட அதே கச்சிதம்தான். இந்தத் தடவை பலம் குறையாமல். அந்த வருஷம் வெர்ஸ்டாப்பன் உலக சாம்பியன். முதலில் தேற வைத்தார்கள், அப்புறம்தான் இளைக்க வைத்தார்கள்.

* * *

இவ்வளவு சொன்னதும் மெர்ஸிடிஸ்காரர்கள் ஏதோ தப்பே செய்யாத ஞானிகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ல் விதிகள் மாறி, அந்தப் பழைய சுரங்கங்கள் திரும்பி வந்தன. பக்கவாட்டுப் பெட்டிகளையே கிட்டத்தட்ட இல்லாமல் பண்ணி மெர்ஸிடிஸ் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். காற்றுச் சுரங்கமும் கம்ப்யூட்டரும் நூற்றுக்கு நூறு போட்ட கார். நிஜ ரோட்டில் போட்டால் டால்ஃபின் மாதிரி எழும்பி எழும்பிக் குதித்தது. தரை உறிஞ்சும், கார் தாழும், சந்து அடைபடும், உறிஞ்சல் விட்டுப்போகும், கார் எழும்பும், மறுபடி உறிஞ்சும். பாகுவில் லூயிஸ் ஹாமில்டன் பந்தயம் முடிந்து முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். ஏழு தடவை உலக சாம்பியன், இறங்கியது என்னவோ மலைப்பாதை டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினாற்போல. குதித்ததற்குப் பெட்டி மட்டும் காரணமில்லைதான். ஆனாலும் அந்த வருஷம் முழுக்க ஜார்ஜ் ரஸல் பிரேஸிலில் ஜெயித்த ஒரே வெற்றி. 2023-ல் மொனாக்கோவில் அகலமான பெட்டியை மாட்டிக்கொண்டு சாதாரண மனிதர்களாகிவிட்டார்கள்.

2026 முதல் மறுபடி புது விதிகள். டர்போ தண்டின் மேல் இருந்த மின்மோட்டாருக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. பலத்தில் கிட்டத்தட்டப் பாதியை மின்சாரம் தர வேண்டும். வேறு சொந்தக்காரர்கள், வேறு பெட்டிகள், அதே சின்ன மண்டபம். மறுபடி எல்லோரும் தரையில் உட்கார்ந்து பாக்கிங் ஆரம்பித்தாயிற்று.

அடுத்த தடவை டி.வி.யில் ரேஸ் ஓடும்போது ஒரு காரியம் செய்யுங்கள். காரை மேலிருந்து காட்டும் சமயம், பின்சக்கரங்களுக்கு முன்னால், கோலி சோடா பாட்டிலின் கழுத்து மாதிரி உடம்பு குறுகுகிற இடத்தைப் பாருங்கள். அந்தக் கழுத்துக்குள் எங்கேயோ, இரண்டு டிபார்ட்மெண்ட் ஆட்கள் மாசக்கணக்கில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, டீ குடித்துவிட்டு, மறுபடி உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பேசி முடித்தார்களா, பாதியில் எழுந்து போனார்களா என்பது பத்தாவது லாப்பில் தெரிந்துவிடும்.

ஹெச்.பி.யை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.